கசியவிடாமல் மூச்சுவிடும் கம்பளி: குழந்தைக்கு அணையாடை உறை தைப்போமா?

குழந்தைக்குக் கட்டிய துணி நனைந்தால் சற்று நேரத்தில் படுக்கையும் நனையும். அதைத் தடுக்கத் துணியின் மேல் ஓர் உறை போட வேண்டும். அந்த உறையை எதில் தைக்கலாம் என்று கேட்டால், பிளாஸ்டிக் என்றோ ரப்பர் என்றோதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல தலைமுறைத் தாய்மார்கள் இதற்குக் கம்பளியைத்தான் நம்பினார்கள். இன்றும் அங்கே துணி அணையாடைக்கு மாறும் பெற்றோர் சிலர், பழைய ஸ்வெட்டரை வெட்டி வீட்டிலேயே உறை தைத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டதும் இரண்டு சந்தேகங்கள் எழும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகள் உள்ள கம்பளி எப்படி நீரைத் தடுக்கும்? நம் ஊர் வெயிலில் குழந்தைக்குக் கம்பளியா? இரண்டும் நியாயமான கேள்விகள். விடை கம்பளி நாரின் அமைப்பில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் உறையை எப்படித் தைப்பது, எப்போது போடுவது, எப்போது போடாமல் இருப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

உறை உறிஞ்சுவதற்கல்ல

முதலில் ஒரு தெளிவு. கடையில் வாங்கும் ‘பேம்பர்ஸ்’ வகை அணையாடையில் ஈரத்தை உறிஞ்சும் பகுதியும் கசிவைத் தடுக்கும் வெளிப்பகுதியும் ஒன்றாகவே இருக்கும். துணி அணையாடையில் இவை தனித்தனி. உள்ளே மடித்துக் கட்டும் பருத்தி ‘லாம்பின்’ சிறுநீரை உறிஞ்சும். மேலே போடும் உறை, அந்த ஈரம் சட்டைக்கும் மெத்தைக்கும் பரவாமல் தடுக்கும். நாம் இங்கே பேசுவது மேலுறையைப் பற்றி மட்டுமே.

காற்றே புகாத உறையைப் போட்டால் கசிவு நின்றுவிடும். ஆனால் உள்ளே வேறொரு சிக்கல் தொடங்கும். நலமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5. பிறந்த குழந்தையின் தோல் முதல் சில வாரங்களில்தான் இந்த நிலைக்கு வந்து சேர்கிறது. ஈரத்தில் நெடுநேரம் ஊறும் தோல் உப்பி, மென்மையாகி, சிறு உரசலுக்கே தேய்ந்துவிடும். 

இதனுடன் மலமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். சிறுநீரில் உள்ள யூரியாவை, மலத்தில் வாழும் நுண்ணுயிர்களின் நொதி அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா காரத்தன்மை உடையது. எனவே தோலின் பிஎச் அளவு ஏறுகிறது. அது ஏறியதும், மலத்தில் இருக்கும், புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் சுறுசுறுப்படைந்து தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. குழந்தையின் பின்புறம் சிவந்து தடிக்கும் ‘நாப்பி ரேஷ்’ பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஆகவே நல்ல உறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் உண்டு. நீர்த்துளியை வெளியே விடக்கூடாது. நீராவியை வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் தாள் முதல் வேலையை மட்டும் செய்யும். சாதாரணப் பருத்தித் துணி இரண்டாவதை மட்டும் செய்யும். கம்பளி இரண்டையும் ஓரளவுக்குச் செய்கிறது.

ஒரே நாரில் இரண்டு குணம்

கம்பளி நார் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமுடியிலும் நகத்திலும் இருப்பது இந்தப் புரதம்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், கூரையில் ஓடுகள் அடுக்கியதுபோல, நாரின் மேல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு செதிலின் மேற்பரப்பிலும் கொழுப்பு அமில மூலக்கூறுகளாலான மிக மெல்லிய படலம் வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. கொழுப்பு நீரை விலக்கும். அதனால் கம்பளியின் மேல் விழும் நீர்த்துளி, தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கிறது.

நாரின் உட்பகுதியோ நேர்மாறானது. அங்கே இருக்கும் புரதம் நீர் மூலக்கூறுகளை விரும்பி ஈர்க்கும். துளியாக இருக்கும் நீர் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஆவியாகத் தனித்தனி மூலக்கூறுகளாக அலையும் நீர், செதில்களைத் தாண்டி உள்ளே போய்விடும். நனைந்த உணர்வு ஏதும் தராமலேயே தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கம்பளியால் வைத்திருக்க முடியும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 15 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பருத்தி 7 முதல் 8 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை.

லாம்பினிலிருந்து எழும் ஆவியைக் கம்பளி இப்படி உள்ளே வாங்கி, வெளிப்புறக் காற்றுக்கு மெல்ல விட்டுக்கொண்டே இருக்கிறது. கெரட்டினில் உள்ள அமிலக் கூறுகள் அமோனியாவையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்கின்றன. நன்றாகக் காற்றாட விட்ட கம்பளி உறை அவ்வளவாக நாறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ‘கம்பளியில் கிருமியே தங்காது’ என்று சிலர் சொல்வது மிகை. அழுக்கானால் துவைத்துத்தான் ஆக வேண்டும்.

ஓட்டைகள் விஷயத்துக்கு வருவோம். நீரை விலக்கும் பரப்பில் உள்ள சிறு துளைக்குள் நீர் தானாக நுழையாது. அழுத்தித் தள்ளினால்தான் நுழையும். துளை சிறிதாகச் சிறிதாக, தேவைப்படும் அழுத்தமும் கூடும். ஆகவே நெருக்கமாக இறுகிய கம்பளி நன்றாகத் தாங்கும்; தொளதொளவென்று பின்னிய கம்பளி தாங்காது. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. லாம்பின் முழுதும் நனைந்த பிறகு குழந்தை அதன் மேல் உட்கார்ந்தால், அந்த அழுத்தத்தில் எந்தக் கம்பளியும் கசியத்தான் செய்யும். உள்துணியை நேரத்தோடு மாற்றுவதற்கு உறை ஒருபோதும் மாற்றாகாது.

ரப்பர் உறையும் குளியலறைத் திரையும்

ஒரு காலத்தில் மேலைநாட்டு வீடுகளில் கம்பளி நூலால் பின்னிய உறைகள் சாதாரணம். மலாயா ரப்பருக்குப் பெயர்பெற்றிருந்த அதே காலத்தில், ரப்பரால் செய்த குழந்தைக் கால்சட்டைகளும் அங்கே புழக்கத்துக்கு வந்தன. அவை கசியவில்லை, ஆனால் ஈரத்தையும் வெப்பத்தையும் உள்ளேயே பூட்டி வைத்துத் தோலைப் புண்ணாக்கின.

1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மேரியன் டோனவன் என்ற தாய், தம் வீட்டுக் குளியலறைத் திரையை வெட்டித் தையல் இயந்திரத்தில் ஓர் உறை தைத்தார். பின்னர் பாராசூட் நைலான் துணியில் அதை மேம்படுத்தி, ஊக்குக்குப் பதிலாக அழுத்துப் பொத்தான்கள் வைத்தார். 1949-இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வந்த அந்த உறைக்கு 1951-இல் காப்புரிமை கிடைத்தது. 1961-இல் ‘பேம்பர்ஸ்’ சந்தைக்கு வந்தது. 1980-களில் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் அணையாடைக்குள் புகுந்தன. கம்பளி உறை மெல்ல மறைந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்றைய தூக்கியெறியும் அணையாடைகள் தோலைச் சாதாரணத் துணியைவிட உலர்வாக வைத்திருக்கின்றன. துணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுகட்ட வேண்டும்: அடிக்கடி மாற்றுவது, மூச்சுவிடும் உறையைப் போடுவது.

நம் வெப்பத்தில் எடுபடுமா?

ஆவி எப்போதும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும். உறைக்குள், ஈரமான தோலை ஒட்டி வெப்பம் சுமார் 34 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நீராவியின் அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். குளிர்நாட்டு வீட்டில் 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், வெளிக்காற்றில் நீராவி அழுத்தம் 1.2 கிலோபாஸ்கல்தான். இரண்டுக்கும் இடைவெளி 4.1. ஆவியை வெளியே தள்ளும் விசை இதுதான்.

நம் வீட்டில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். 28 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம். வெளிக்காற்றில் ஏற்கெனவே 3 கிலோபாஸ்கல் நீராவி இருக்கிறது. இடைவெளி 2.3 ஆகக் குறைந்துவிடுகிறது. அதாவது அதே உறை, அதே குழந்தை. ஆனால் உலரும் வேகம் ஏறத்தாழ பாதி. குளிர்சாதனம் ஓடும் அறையில் 25 டிகிரி, 60 விழுக்காடு என்றால் இடைவெளி 3.4. குளிர்நாட்டு நிலையில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு நமக்குச் சொல்வது இதுதான்: நம் நாட்டில் கம்பளி உறை வேலை செய்யும், ஆனால் நாள் முழுக்கப் போட்டு வைப்பதற்கானது அல்ல. குளிர்சாதன அறையில் இரவுத் தூக்கத்துக்கும், காரிலோ கடைத்தொகுதியிலோ கழியும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கும் பொருத்தமாக இருக்கும். பகலில் வீட்டில் இருக்கும்போது உறையே வேண்டாம். லாம்பினை மட்டும் கட்டி, நனைந்ததும் மாற்றுவதே தோலுக்கு நல்லது. நம் பாட்டிமார் செய்தது இதைத்தான். 

கம்பளி ஈரத்தை ஈர்க்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். ஆகவே உறை போட்ட குழந்தைக்கு மேலே கால்சட்டையும் கனமான போர்வையும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை போதும். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்; வியர்த்திருந்தால் உறையைக் கழற்றிவிடுங்கள்.

எந்த ஸ்வெட்டர்?

குளிர்நாட்டுப் பயணத்துக்கு வாங்கி அலமாரியில் கிடக்கும் ஸ்வெட்டர் இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் பண்டல் கடையில் தேடலாம். முகவரித் துணியில் 100 விழுக்காடு கம்பளி என்றிருப்பது நல்லது. 80-க்குக் கீழே போக வேண்டாம். தொட்டால் குத்தக்கூடாது. விட்டம் 30 மைக்ரானுக்கு மேலான நார்கள்தான் தோலைக் குத்துகின்றன. மெரினோ செம்மறியாட்டின் நார் ஏறத்தாழ 17 முதல் 23 மைக்ரான். அதனால் மிருதுவாக இருக்கும். ஸ்வெட்டரை உங்கள் கழுத்தில் சில நிமிடம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முகவரித் துணி கிழிந்துபோயிருந்தால், ஓரிழையை உருவிக் கைகழுவும் தொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்று எழுதிய கம்பளியை ஒதுக்கிவிடுங்கள். அத்தகைய கம்பளியில் செதில்களை வேதிமுறையில் தேய்த்திருப்பார்கள் அல்லது பிசின் பூசி மறைத்திருப்பார்கள். அது இறுகாது, நீரை விலக்கும் குணமும் குறைந்திருக்கும்.

அந்துருண்டை எச்சரிக்கை

இந்த இடத்தில் சற்று நின்று படியுங்கள். கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைப்பது பலரின் வழக்கம். அந்துருண்டைகள் பலவற்றில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் உடலில் நாப்தலின் ஆவி சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். பிறந்த குழந்தைக்கு அது மூளையையே பாதிக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

இந்தக் குறைபாடு நம் வட்டாரத்தில் அரிதல்ல. அதனால்தான் இங்கே குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதற்கெனப் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு எழுதப்பட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இல்லாவிட்டாலும் அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டரைக் குழந்தைக்காக எடுக்காதீர்கள். துவைத்தால் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். வேறு ஸ்வெட்டர் கிடைக்கும்.

முதலில் இறுக்குங்கள்

வெந்நீரும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கும் என்பது பலர் நல்ல ஸ்வெட்டரைப் பாழாக்கித் தெரிந்துகொண்ட உண்மை. இங்கே அதையே வேண்டுமென்று செய்கிறோம். செதில்கள் அனைத்தும் நாரின் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருப்பதால், நார் ஒரு திசையில் எளிதாக நகரும், எதிர்த்திசையில் மாட்டிக்கொள்ளும். குலுக்கக் குலுக்க நார்கள் ஒரே பக்கமாக ஊர்ந்து ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. இறுகியது மீண்டும் பிரியாது. துளைகள் சிறுத்துவிடுகின்றன, நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஸ்வெட்டரை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு, இரண்டு ஜீன்ஸ் கால்சட்டைகளோடு சலவை இயந்திரத்தில் 60 டிகிரி வெந்நீரில் சிறிது சோப்புடன் ஓட விடுங்கள். வெந்நீர் வசதி இல்லாத இயந்திரமென்றால் வாளியில் வெந்நீர் ஊற்றித் தடியால் குத்தலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னலின் கண்கள் மங்கித் துணி தடித்திருக்க வேண்டும். ஆனால் கையால் இழுத்தால் இன்னும் இழுபட வேண்டும். வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். அட்டைபோல் விறைத்துவிட்டால் குழந்தையின் காலை அது அறுக்கும். பானைப் பிடிதுணிக்குத்தான் ஆகும்.

வெட்டுதலும் தைத்தலும்

குழந்தைக்கு லாம்பினைக் கட்டிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். மூன்று அளவுகள் தேவை: இடுப்புச் சுற்று, தொடைச் சுற்று, முன்பக்கம் தொப்புளுக்குக் கீழிருந்து கால்களுக்கிடையே போய்ப் பின்இடுப்பு வரையிலான நீளம். ஒவ்வொரு பக்கமும் தையலுக்கு 1 சென்டிமீட்டர் விடுங்கள். நீளத்தில் மேலும் 3 சென்டிமீட்டர் சேர்த்துக்கொண்டால் குழந்தை வளரும்போதும் சில வாரம் உதவும்.

ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியில் உடுக்கை வடிவில் ஒரே துண்டாக வெட்டுங்கள். இரு முனைகளும் அகலமாக, நடுப்பகுதி குறுகலாக இருக்கும். நடுப்பகுதி லாம்பினைவிட இரு பக்கமும் குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். ஒரே துண்டாக வெட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசி போகும் ஒவ்வோர் இடமும் ஒரு துளை. அதிகம் நனையும் கவட்டுப் பகுதியில் தையல் இருந்தால் நீர் அந்த வழியாகத்தான் முதலில் வெளியேறும். உடுக்கை வடிவில் வெட்டினால் தையல் இடுப்பின் இரு பக்கங்களில் மட்டுமே வரும்.

கவட்டுக்கு இரட்டைப் படை வேண்டும். மிச்சத் துணியில் ஒரு நீளத் துண்டை வெட்டி உள்பக்கம் வைத்து, அதன் விளிம்புகள் கால் பட்டியின் தையலோடு சேர்ந்து போகுமாறு தையுங்கள். நடுவில் ஊசி படக்கூடாது. ஆண் குழந்தையென்றால் துண்டை முன்பக்கமாகச் சற்று உயரமாக வையுங்கள்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் திரிபோல வேலை செய்யும். விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே இழுத்துவிடும். இதே காரணத்துக்காக ஓரத்தில் பருத்திப் பட்டியும் வைக்கக்கூடாது. லாம்பினின் முனை உறைக்கு வெளியே அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்த்தாலும் போதும், மெத்தை நனைந்துவிடும். கம்பளி உறை கசிகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கால் பட்டிக்கும் இடுப்புப் பட்டிக்கும் ஸ்வெட்டரின் கைமுடிவிலும் கீழ்விளிம்பிலும் உள்ள இழுபடும் பகுதியே சிறந்தது. தொடைத் திறப்பின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கு நீளத்துக்குப் பட்டியை வெட்டி, இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இயந்திரத்தில் பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசியைப் போட்டு, சிக்சாக் தையல் போட வேண்டும். நேர்த்தையல் இழுபடும்போது அறுந்துவிடும். தைத்து முடித்ததும் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். தொடையிலும் இடுப்பிலும் உங்கள் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். கழற்றிய பிறகு தோலில் சிவந்த தடம் அரை மணி நேரம் கழித்தும் இருந்தால் பட்டியைப் பிரித்து நீட்டித் தையுங்கள்.

லானோலின் ஏற்றுதல்

உறை தைத்தாகிவிட்டது, ஆனால் இன்னும் ஒரு வேலை பாக்கி. செம்மறியாட்டின் தோலில் உள்ள சுரப்பிகள் லானோலின் என்ற மெழுகைச் சுரந்து, மழை நனைக்காதபடி ரோமத்தைக் காக்கின்றன. பெயரே லத்தீனில் கம்பளி, எண்ணெய் என்ற இரு சொற்களிலிருந்து வந்ததுதான். ஆலையில் ரோமத்தைக் கழுவும்போது இது நீங்கிவிடுகிறது. வெந்நீரில் நாம் இறுக்கியபோது மிச்சமும் போயிருக்கும். அதை மீண்டும் ஏற்ற வேண்டும்.

பாலூட்டும் தாய்மார்களின் மார்புக் காம்பு வெடிப்புக்கென மருந்தகங்களில் விற்கும் தூய லானோலின் களிம்பு போதும். அரைத் தேக்கரண்டி களிம்பை ஒரு குவளை வெந்நீரில் போட்டு, குழந்தைச் சோப்பு நீரை நாலைந்து சொட்டு விட்டுக் கலக்குங்கள். சோப்பு மெழுகை நுண்துளிகளாகப் பிரித்து நீரில் மிதக்க வைக்கும். நீர் பால்போல் வெளுக்கும். மஞ்சள் திட்டுகள் மிதந்தால் இன்னும் இரண்டு சொட்டு விடுங்கள். இதை ஒரு சிறு தொட்டி வெதுவெதுப்பான நீரில் கலந்து, உறையை உட்புறம் வெளியே திருப்பி நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊரில் அது எப்போதும் திரவம்தான். குழந்தையின் சட்டைக்கு ஒட்டிக்கொள்ளும், நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும். லானோலின் 38 டிகிரியை ஒட்டித்தான் உருகும். நாரின் மேல் மெழுகாக ஒட்டி நிற்கும், எளிதில் கெடுவதில்லை.

லானோலின் சிலருக்கு ஒவ்வாது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2023-ஆம் ஆண்டின் கவனிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சி உள்ள குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. களிம்பைச் சிறிதளவு குழந்தையின் தொடையில் தடவி இரண்டு மூன்று நாள் கவனித்த பிறகு உறையைப் போடுங்கள்.

துவைத்தலும் காற்றாட விடுதலும்

சிறுநீர் ஈரம் மட்டும் பட்ட உறையை ஒவ்வொரு முறையும் துவைக்கத் தேவையில்லை. கழற்றியதும் காற்றோட்டமான நிழலில் போட்டு நன்றாக உலர விடுங்கள். மழைக்காலத்தில் உலர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம் என்பதால் மூன்று உறைகளாவது மாற்றி மாற்றிப் போட இருக்க வேண்டும். உலர்ந்த பிறகும் வாடை அடித்தால் துவைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மலம் பட்டால் அப்போதே துவைக்க வேண்டும். அதில் காத்திருக்க இடமில்லை.

வெதுவெதுப்பான நீர், கம்பளிக்கான மென்மையான சோப்பு, கைத்துவையல். இவ்வளவுதான் விதி. கறைபோக்கும் நொதி கலந்த சோப்புத்தூள் கூடாது. கறையில் உள்ள புரதத்தை உடைக்கும் நொதிக்குக் கம்பளியும் புரதம்தான். குளோரின் வெளுப்பானை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அது கம்பளியைக் கரைத்தே விடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது உறையின் மேல் விடும் நீர்த்துளி உருளாமல் உள்ளிறங்கத் தொடங்கும்போது, மீண்டும் லானோலின் ஏற்றுங்கள்.

இதனால் சுற்றுச்சூழலுக்கு லாபமா என்பது துவைக்கும் முறையைப் பொறுத்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகவை 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: அதிக வெந்நீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் உலர்த்தினால் துணி அணையாடையின் நன்மை போய்விடும், கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் நன்மை கூடும். கொடியில் உலர்த்துவது நமக்குப் புதிதல்ல. லாம்பின்களை வெயிலிலும் கம்பளியை நிழலிலும் போட வேண்டும் என்பது மட்டுமே நினைவிருக்கட்டும்.

குழந்தை வளர்ந்து உறையை எடுத்து வைக்கும்போது, துவைத்து, முழுக்க உலர்த்தி, காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். அரிக்கும் பூச்சிக்கு வியர்வையும் அழுக்கும் உள்ள கம்பளிதான் பிடிக்கும். சுத்தமான கம்பளிக்கு மூடிய பெட்டியே போதும். அந்துருண்டை வேண்டாம்.

தோல் சொல்வதைக் கேளுங்கள்

எந்த உறையையும் மதிப்பிடும் கருவி குழந்தையின் தோல்தான். முதல் வாரம் உறையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவப்பு, புடைத்த பகுதிகளில் மட்டும் இருந்து மடிப்புகளில் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஈரத்தாலும் உரசலாலும் வந்தது. அடிக்கடி மாற்றி, காற்றாட விட்டால் தணியும். சிவப்பு மடிப்புகளுக்குள் பரவி, ஓரங்களில் சிறு சிறு புள்ளிகளாகச் சிதறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து தேவை. மூன்று நாளில் தணியாத தடிப்பு, கொப்புளம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அதுவரை கம்பளியை ஒதுக்கி வையுங்கள்.

இரவு எட்டு மணி நேரமும் ஒரே லாம்பினில் குழந்தையைத் தூங்க வைக்கும் மந்திரம் எந்தக் கம்பளியிலும் இல்லை. நனைந்ததை நேரத்தோடு மாற்றும் கைகளுக்குக் கம்பளி உறை நல்ல துணை. மாற்றிய லாம்பினைக் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாமல் குழந்தையைப் பாயில் காலாட்டிக் கிடக்க விடுங்கள். அதைவிட நன்றாக மூச்சுவிடும் உறை இன்னும் யாராலும் தைக்கப்படவில்லை.